பாவ்டோவின் அதிர்ஷ்டம்

அன்புள்ள ஐயா,

அருமண் தனிமங்களின் (rare earths) ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்த செய்திகளில் பாவ்டோ என்ற நகரின் பெயர் அடிபடுகிறது. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அந்த ஊரைப் பற்றிச் சொல்லுங்கள். நம் மணவாளக்குறிச்சி மணலிலும் அருமண் இருக்கிறதே, அவர்களுக்கு மட்டும் எப்படி இந்த அதிர்ஷ்டம்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பாவ்டோ உள்மங்கோலியாவில் மஞ்சள் ஆற்றை ஒட்டிய எஃகு நகரம். சுரங்கம் அங்கே இல்லை, வடக்கே சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி பயான் ஓபோவில் இருக்கிறது. 1927இல் அங்கே இரும்புத்தாதுவைத்தான் கண்டார்கள். அருமண் இருப்பது பிறகுதான் தெரிந்தது. ஊர்க்கதை இது போதும்.

அதிர்ஷ்டமாம்! வேதியியல் மாணவர் எழுதுகிற பேச்சா இது? மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற அருமண் கனிமம் இருப்பது 1909லேயே தெரியும். மண் கிடைப்பது பெரிதல்ல, பிரிப்பதுதான் பாடு. காந்தத்துக்கு வேண்டிய நியோடைமியமும் அதன் பக்கத்துத் தனிமமான பிரேசியோடைமியமும் குணத்தில் கிட்டத்தட்ட ஒன்றேதான். அமிலக் கரைசலை, மண்ணெண்ணெயில் கலந்த, பிரித்தெடுக்கும் வேதிப்பொருளோடு சேர்த்துக் கலக்கினால் ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மேலடுக்குக்கு ஏறும். கொஞ்சம்தான். மறுபடி கலக்க வேண்டும், மறுபடி. தொழிற்சாலையில் இதற்காகத் தொட்டிகளை வரிசையாக வைத்திருப்பார்கள்.

கல்லூரி ஆய்வகத்தில் பிரிபுனலைக் குலுக்கி ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, கலங்கல் தெளிந்து நடுவில் அந்தக் கோடு விழுவதற்காக நின்ற மதியங்கள் நினைவிருக்கின்றன. ஈதர் வாடையில் தலை கிறுகிறுக்கும். ஒரு தடவைக்கே பொறுமை போய்விடும்.

பீகிங் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் சூ குவாங்சியான் கலாச்சாரப் புரட்சியில் உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டவர். திரும்பி வந்ததும், 1972இல், இந்த இரண்டையும் பிரிக்கும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். எத்தனை தொட்டி, எந்த அளவில் எது என்று மாதக்கணக்கில் புனல் குலுக்கிக் கண்டுபிடித்ததை அவர் கணக்குப் போட்டே சொல்லும்படி செய்தார். பாவ்டோவை உலகம் இன்று அண்ணாந்து பார்ப்பதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம். சீனத் தலைவர் டெங் சியாவோபிங் 'மத்திய கிழக்கில் எண்ணெய், சீனாவில் அருமண்' என்று சொன்னதெல்லாம் 1992இல், அதற்கு எவ்வளவோ பின்னால்.

கழிவைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. பயான் ஓபோ தாதுவில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமமும் உண்டு. அது பாவ்டோவின் கழிவுக் குளத்தில் போய்ச் சேர்கிறது. 2005இல், எண்பதைத் தாண்டிய வயதில், அதே சூ குவாங்சியான் வேறு 14 மூத்த அறிவியலாளர்களோடு சேர்ந்து, மஞ்சள் ஆற்றையும் பாவ்டோவையும் கதிரியக்கத்திலிருந்து காப்பாற்றுங்கள் என்று அரசுக்கு அவசர முறையீடு எழுதினார். அதைத் தேடிப் படித்துவிட்டு மணவாளக்குறிச்சி பற்றி எழுதுங்கள். பேசலாம், தம்பி.