போனை உங்களிடம் நீட்டிவிடும் கணவர்

கேள்வி: என் கணவருக்கு வயது 68. பார்க்கின்சன் நோய் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தொற்றுக்குப் பயந்து சில மாதங்களாக நாங்கள் வெளியே போவதில்லை. வீட்டுக்கு யாரும் வருவதும் இல்லை. கலகலப்பாக இருந்தவர், இப்போது மகன் அழைத்தால்கூட இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனை என்னிடம் நீட்டிவிடுகிறார். முகத்தில் சிரிப்பே இல்லை. நடையும் தளர்ந்துவிட்டது. நோய் முற்றிவிட்டதா? மாத்திரையைக் கூட்டலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரையை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இந்த நோய்க்குத் தரப்படும் லெவோடோபா மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் வெளியே போக முடியாத நாட்களில், கையிருப்பு தீரும் முன்பே அடுத்த தவணையை வாங்கி வைத்துவிடுங்கள்.

இனி அந்தப் போன் விஷயம். இந்த நோயில் குரல் தணிந்துவிடும். ஆனால் தணிந்திருப்பது பேசுகிறவருக்கே தெரியாது. வழக்கம்போலத்தான் பேசுகிறோம் என்று நினைப்பார். மறுமுனையில் மகன், "என்னப்பா, கேட்கவில்லையே" என்பான். திரும்பச் சொல்வார். மறுபடியும் "என்னப்பா?" மூன்றாம் முறை சொல்ல யாருக்கு மனம் வரும்? போதாக்குறைக்கு முகத் தசைகளும் இறுகிவிடுவதால், உள்ளே மகிழ்ச்சி இருந்தாலும் முகம் காட்டிக்கொடுக்காது. வீடியோவில் பார்ப்பவர்கள் அவருக்குப் பேச விருப்பமில்லை என்று முடிவுகட்டி, அழைப்பதையே குறைத்துக்கொள்வார்கள். இதை மகனிடம் விளக்கிச் சொல்லுங்கள். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கட்டும். பதில் தாமதமாக வரும், ஆனால் வரும்.

மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் பேசவையுங்கள். பலருக்கு மாத்திரை போட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் அந்த நல்ல நேரம் தொடங்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, தெருமுனையில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோலப் பேசச் சொல்லுங்கள். அவருக்கு அது கத்துவதாகத் தோன்றும். கேட்பவருக்குச் சாதாரணக் குரலாகத்தான் இருக்கும். தினமும் செய்தித்தாளை உரக்கப் படிப்பதும் நல்ல பயிற்சி. பேச்சுப் பயிற்சியாளர்கள் வீடியோ வழியாகவும் கற்றுத்தருகிறார்கள். இன்னொன்று, அவருக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அன்பினால்தான் சொல்கிறீர்கள், தெரியும். மகன் அழைக்கும்போது அடுத்த அறைக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளுங்கள். அந்த ஓய்வு உங்களுக்கும் வேண்டும்.

நோய் முற்றிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இது ஆண்டுக்கணக்கில் மெல்ல நகரும் நோய். சில நாட்களுக்குள் திடீரென்று மோசமானால் சிறுநீர்த் தொற்றோ காய்ச்சலோ கடும் மலச்சிக்கலோ காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் தளர்ந்த நடைக்கு, நடக்காமல் இருந்ததே பெரும்பங்கு காரணமாக இருக்கலாம். முன்பு வெளியே போய்வந்ததும் நாலு பேரிடம் பேசியதும் அவருக்கு மருந்தாகவே இருந்தன. அதை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். நீளமாக அடிவைத்து, கைவீசி, வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடக்கட்டும். தரை விரிப்புகளை எடுத்துவிடுங்கள். கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். நிமிர்ந்து நின்று, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி, பிறகு பெரிய அடியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

எதிலும் நாட்டமில்லாமை, மனச்சோர்வு இரண்டும் இந்த நோயோடு சேர்ந்தே வரக்கூடியவை. சோம்பல் என்று அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். மனச்சோர்வுக்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. மாத்திரை போடும் நேரம், உடல் தளரும் நேரம், தூங்காத இரவுகள் இவற்றை ஒரு வாரம் எழுதிவைத்து, அந்தத் தாளோடு மருத்துவரிடம் வீடியோவில் பேசுங்கள். மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டுமா என்பதை அதைப் பார்த்து அவர் முடிவு செய்யட்டும்.