கொலுசும் குழு லோனும்

கேள்வி: நாங்கள் காதலித்துக் கல்யாணம் பண்ணியவர்கள், ஒன்பது வருஷம் ஆகிறது. எனக்கு நடவு, களை. அவர் திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். மாதம் ஒரு தடவை செம்மொழி எக்ஸ்பிரஸில் வந்து மன்னார்குடியில் இறங்குவார். போன தடவை கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கி எனக்கு வெள்ளிக் கொலுசு எடுத்து வந்தார். குழு லோன் இரண்டு டியூ நிற்கும்போது இது தேவையா என்று கத்திவிட்டேன். அன்று ராத்திரியே ரயில் ஏறிவிட்டார். இப்போது ஜீபேயில் பணம் மட்டும் வருகிறது, பேச்சு இல்லை. நான் செய்தது தப்பா?
– ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி பக்கம்

பதில்: கத்தியதில் தப்பே இல்லை தங்கச்சி. டியூ அன்றைக்கு ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்ற பெண்கள் சேர்ந்து அதைப் போட வேண்டும், வசூலுக்கு வந்தவர் திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டார், அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தலை குனிந்து உட்காருவது நீங்கள்தான், அவர் இல்லை. அவர் அதை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அதேபோல, அந்த அட்வான்ஸை அடைக்க சனிக்கிழமை சம்பளத்தில் வாராவாரம் எவ்வளவு பிடிக்கிறார்கள், அதற்காக எத்தனை நாள் ஒன்றரை ஷிப்ட் மெஷினில் உட்காருகிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்து குறுவையும் ஒழுங்காக நடந்து ஊரிலேயே வருஷம் முழுக்க வேலை இருந்தால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்து சண்டை போட்டிருப்பீர்கள், மறுநாள் காலையில் முடிந்திருக்கும்.

என் அம்மா ஒரு வருஷம் அறுப்புக் கூலி நெல்லில் இரண்டு மரக்கால் இரண்டு மரக்காலாக ஒதுக்கி வைத்து அப்பாவுக்குத் தீபாவளி வேட்டி எடுத்தார். "திங்கிற நெல்லை வித்தியாடி" என்று அப்பா போட்ட சத்தம் எதிர்த்தெரு வரைக்கும் கேட்டது. அப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்த வேட்டிதான்!

ஞாயிற்றுக்கிழமை நீங்களே போன் போடுங்கள். எடுத்ததும் பணப் பேச்சு வேண்டாம், கொலுசு போட்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். டியூ எந்தக் கிழமை, இன்னும் எத்தனை வாரம் என்பதை அப்புறம் சொல்லலாம். ஒருவேளை அந்தக் கொலுசு அடகுக்குப் போகத்தான் வேண்டும் என்றால், அவருக்குத் தெரிந்தே போகட்டும்.

கேள்வி: நானும் மனைவியும் ஒரே வயலுக்குத்தான் போகிறோம். எனக்குக் கூலி கூட, அவளுக்குக் குறைவு. அந்தக் கோபத்தை வீட்டில் என் மேல் காட்டுகிறாள். நான் என்ன செய்ய?
– ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: சம ஊதியச் சட்டம் வந்தது 1976-இல். நூறு நாள் வேலையில் இரண்டு பேருக்கும் ஒரே கூலி போட்டதைப் பார்த்திருப்பீர்கள். வயலில் மட்டும் நாற்றுக்கட்டு தூக்குவது ஆம்பளை வேலை, நடவு பொம்பளை வேலை என்று பேர் வைத்துப் பிரித்துவிடுகிறார்கள், நாள் முழுக்கக் குனிந்தே நிற்கிற இடுப்பை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? உங்கள் மனைவி கேட்டால் இஷ்டமிருந்தால் வா என்பார்கள். அடுத்த தடவை கூலி பேசும்போது நீங்கள் கேளுங்கள், கூட நாலு ஆம்பளைகளையும் சேர்த்துக்கொண்டு. அதுவரை ராத்திரிச் சமையல் உங்களுடையது. சரியா?