கடலைச் செடிக்கு ஊசி வேண்டாம்

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் மானாவாரியாகக் கடலைக்காய் போடுகிறேன். இரண்டு வருடமாக விதையில் பூஞ்சாண மருந்தையும் ரைசோபியத்தையும் ஒன்றாகக் கலந்து, மொட்டை மாடியில் காயவைத்து விதைத்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. பாக்டீரியாவை ஊசி மாதிரி செடிக்குள் ஏற்ற முடியாதா?
- ஒரு விவசாயி, ஓமலூர் வட்டம்

பதில்: ஐயா, காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ரைசோபியம் என்ற அந்தக் கறுப்புப் பொடிக்குள் இருப்பவை, வேர் முடிச்சுகளில் தங்கி, காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) செடிக்குப் பிடித்துத் தரும் உயிருள்ள பாக்டீரியாக்கள். பூஞ்சாண மருந்து பலவற்றைக் கொன்றிருக்கும். மிச்சத்தை மாடி வெயில் முடித்திருக்கும்.

வாழப்பாடி பக்கம் எங்கள் காட்டிலும் ஒரு வருடம் இப்படித்தான் போயிற்று. பொட்டலங்களை வண்டிப் பெட்டியில் வைத்து, உச்சி வெயிலில் நிறுத்திவிட்டேன். 35ஆம் நாள் செடியைத் தோண்டினால், வேரில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் முடிச்சுகள். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஊசி தேவையில்லை. வேரிலிருந்து கசியும் சில பொருள்களை உணர்ந்து பாக்டீரியா தானே தேடி வரும். கடலையில் பக்க வேர் வெடித்துக் கிளம்பும் இடத்து இடுக்கு வழியாக உள்ளே போய்விடும். நம் வேலை, அதை உயிரோடு வேர்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான்.

இந்த ஆடிப்பட்டத்தில் பூஞ்சாண மருந்துக்குப் பதிலாக கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்துகொள்ளுங்கள்; அது நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சாணம், ரைசோபியத்தோடு ஒத்துப்போகும். மருந்துதான் வேண்டும் என்றால் முதல் நாளே கலந்து, 24 மணி நேரம் கழித்து ரைசோபியம். நன்றாக ஆறிய அரிசிக் கஞ்சியில் 200 கிராம் பொட்டலத்தைக் கரைத்து, 10 கிலோ விதைப்பருப்பில் தோல் உரியாமல் புரட்டுங்கள். நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடுங்கள். அப்புறம், பொட்டலத்தில் காலாவதி தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வருடாவருடம் கடலை போட்ட காடாக இருந்தால், மண்ணிலேயே இந்தப் பாக்டீரியாக்கள் இருக்கும். அங்கே பெரிய மாற்றம் தெரியாமலும் போகலாம். யூரியாவை அள்ளிப் போட்டாலும் முடிச்சு குறையும்.

30, 35ஆம் நாளில் நாலைந்து செடிகளைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி, வேரை அலசி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. என்ன நிறம் என்று ஒரு வரி எழுதுங்கள் ஐயா, காத்திருக்கிறேன்.