சட்டம் படித்தவருக்கு நாட்டின் சுற்றுலா வளர்ச்சியில் என்ன வேலை?

சட்டப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருப்பதாகவும், நீதிமன்றத்தில் வாதாடுவதைவிட நாட்டின் சுற்றுலாவை வளர்க்கும் பணியில்தான் மனம் செல்வதாகவும் எழுதி, வழக்கறிஞருக்கு அங்கே உண்மையில் இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்றுலா வாரியங்களுக்கும் விடுதி நிறுவனங்களுக்கும் இடையிலான ஒப்பந்தங்களை எழுதுவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நிச்சயமாக இடம் உண்டு. தகராறு முற்றிய பிறகு வழக்கறிஞரைத் தேடுவதுதான் பொதுவான பழக்கம் என்றாலும், ஒரு நாடு பிறரை ‘வாருங்கள்’ என்று அழைக்கும்போதே அந்த அழைப்பால் யாருக்கு என்ன உரிமை, யாருக்கு என்ன கடமை என்பதை எழுதிவைக்க ஒருவர் வேண்டியிருக்கிறது.

விமானப் போக்குவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கைப்படி, ஒரு நாட்டின் விமான நிறுவனம் இன்னொரு நாட்டுக்கு அதன் அனுமதியின்றி குறித்த நேரப்படி தொடர்ந்து பறக்கும் அட்டவணைச் சேவை நடத்த முடியாது. எந்தெந்த நகரங்களுக்குப் பறக்கலாம், வாரத்துக்கு எத்தனை முறை பறக்கலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் இரு நாடுகள் கையெழுத்திடும் ஒப்பந்தங்களில்தான் முடிவாகிறது. ஒரு தீவைப் பற்றி எவ்வளவு அழகாக விளம்பரம் எடுத்தாலும், அதன் விமான நிலையம் அந்த ஒப்பந்தத்தில் இடம்பெறவில்லையென்றால் பயணி தலைநகரில் இறங்கி இன்னொரு விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். அவர்களில் கணிசமானோர் அந்தத் தீவுக்கு வந்து சேரமாட்டார்கள். இந்தப் பேச்சுவார்த்தை மேசையில் சுற்றுலாவின் தேவையை அறிந்த வழக்கறிஞர் ஒருவர் இருப்பது எத்தனையோ விளம்பரங்களுக்குச் சமம் என்பது என் உறுதியான கருத்து.

என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான வேலை நிலக் குத்தகை. கடலோர அரசு நிலத்தை ஒரு விடுதி நிறுவனத்துக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடும்போது, நிறுவனத்தின் தரப்பிலிருந்து வரும் வரைவில் ‘குத்தகைதாரர் நிலம் முழுவதையும் இடையூறின்றி அனுபவிப்பார்’ என்ற ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். பார்த்தால் வழக்கமான வாசகம்தான். ஆனால் மீனவர்கள் தங்கள் படகுகளுக்கும் ஊர்மக்கள் மாலையில் கடற்கரைக்கும் போகும் பாதை அந்த நிலத்தின் குறுக்கே சென்றால், இந்த ஒரே வரியில் அது பறிபோய்விடும். எனவே நில அளவை வரைபடத்தை விரித்து வைத்து, பாதை தொடங்கும் புள்ளியையும் முடியும் புள்ளியையும் அகலத்தையும் அட்டவணையில் எழுதி, அதன் குறுக்கே வேலியோ கதவோ வைக்கக் கூடாது என்று தனி ஷரத்து சேர்க்க வேண்டும். குறித்த காலத்துக்குள் கட்டுமானம் தொடங்காவிட்டால் நிலம் அரசிடமே திரும்ப வேண்டும் என்பதும், கழிவுநீர் சுத்திகரிப்பு இயங்கத் தொடங்கும்வரை விருந்தினரை அனுமதிக்கக் கூடாது என்பதும், குத்தகைத் தொகை வருமானத்தில் ஒரு பங்கு என்றால் அந்தக் கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை அரசுக்கு உண்டு என்பதும் இதே ஒப்பந்தத்தில் வர வேண்டியவை. விடுதி திறந்து எத்தனையோ ஆண்டுகள் கழித்து, அந்த ஊர்க்காரர்கள் பயணிகளை முகம் மலர்ந்து வரவேற்பார்களா, முகம் சுளிப்பார்களா என்பதை இந்த ஷரத்துகள் பெருமளவு தீர்மானிக்கின்றன.

விளம்பரப் பிரிவிலும் வேலை உண்டு. 1977-இல் உருவான ‘I ♥ NY’ என்ற நியூயார்க்கின் இதயச் சின்னம் இன்றும் அந்த மாநில அரசின் வணிகச்சின்னமாகப் பாதுகாக்கப்பட்டு உரிமம் வழங்கப்படுகிறது. சுற்றுலாச் சின்னத்தைப் பதிவு செய்வது, படத்தில் தெரியும் மனிதர்களிடமும் படமெடுத்தவரிடமும் எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெறுவது போன்ற பணிகளைச் சுற்றுலா வாரியத்தில் சேரும் இளம் வழக்கறிஞர்கள் விரைவில் கற்றுக்கொண்டுவிடலாம்.

கடினமான பகுதி, வரவேற்புக்கு வரம்பு விதிப்பது. 2018-இல் பிலிப்பைன்ஸ் அரசு போரகாய் தீவைச் சீரமைப்பதற்காக ஆறு மாதங்கள் மூடியது. பயணிகளுக்காக மணற்கோட்டை கட்டிப் பிழைத்த ஒருவரும் ஓட்டுநர் ஒருவரும் உள்ளிட்டோர் வழக்குத் தொடர்ந்தார்கள். 2019-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்து, மூடல் செல்லும் என்றது. சூழலைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இப்படி ஓர் ஆணையை எழுதும் வழக்கறிஞர், அன்றாடக் கூலியை நம்பியிருப்பவருக்கு அந்த மாதங்களில் என்ன உதவி கிடைக்கும் என்பதையும் அதே ஆணையில் எழுதிவிட வேண்டும் என்று ஆழமாக நம்புகிறேன். வீடுகளைக் குறுகிய காலத்துக்குப் பயணிகளுக்கு விடுவதும் இத்தகைய சிக்கல்தான்: வாடகைக்கு வீடு கிடைக்காத நிலையைச் சமாளிக்க, அப்படி விடுவோர் முன்அனுமதி பெற வேண்டும் என்று விதிக்கலாம் என 2020-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் பாரிஸ் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது.

பயணியின் உரிமையை மறந்துவிட்டுச் சுற்றுலாவை வளர்க்க முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில் ரத்தான தொகுப்புச் சுற்றுலாக்களுக்குப் பணத்துக்குப் பதிலாக, பின்னொரு பயணத்துக்குப் பயன்படுத்தக்கூடிய வவுச்சர் தர பிரான்ஸ் தன் நிறுவனங்களை அனுமதித்தது. திருப்பித் தருவது என்றால் பணமாகவே தர வேண்டும் என்று 2023-இல் அதே ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கூறிவிட்டது. நிறுவனங்கள் நொடித்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. இருந்தும், தன் பணம் திரும்பி வராத அனுபவம் பெற்றவர் அடுத்த ஆண்டு முன்பதிவு செய்யத் தயங்குவார் என்பதை அமைச்சரிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பு அவருடைய சட்ட ஆலோசகருக்கு இருக்கிறது.

நீங்கள் எப்படித் தொடங்கலாம்? நிலச் சட்டம், ஒப்பந்தச் சட்டம், சுற்றுச்சூழல் சட்டம் ஆகிய மூன்றையும் ஊன்றிப் படியுங்கள்; விமானச் சட்டமும் அறிவுசார் சொத்துரிமையும் பணியிடத்தில் கைகூடும். மாட்ரிட்டைத் தலைமையகமாகக் கொண்ட ஐ.நா. சுற்றுலா அமைப்பு 1999-இல் ஏற்ற உலகச் சுற்றுலா நெறிக்கோவையைத் தவறாமல் வாசியுங்கள்; அதைச் சட்டப் பிணைப்புள்ள உடன்படிக்கையாக்கும் வரைவு 2019-இல் ஏற்கப்பட்டது. நேரடியாக அமைச்சகத்தில் சேர்வதைவிட, முதலில் ஒரு பயண நிறுவனத்திலோ விடுதிக் குழுமத்திலோ சில காலம் சட்டப் பிரிவில் இருப்பதையே பரிந்துரைப்பேன். பயண முகவருக்கு ஒதுக்கிய அறைகளில் விற்காதவற்றை எந்தக் கெடுவுக்குள் திருப்பித் தர வேண்டும், ரத்துக் கட்டணம் யார் தலையில் விழும், தரகு எப்போது கைக்கு வரும் என்பவற்றை அங்கே அன்றாடம் பார்ப்பீர்கள். அதன் பிறகு அரசின் பக்கம் உட்கார்ந்து உரிம விதிகளை எழுதும்போது, எந்த விதியை ஒரு சிறிய விடுதியால் கடைப்பிடிக்க முடியும், எது வெறும் காகிதமாக நிற்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.