ஏர் ரைஃபிளா, ஏர் பிஸ்டலா? தில்லி வாசகர்களின் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் களத்துக்கு)ப் போய்ச் சுடுவேன் என்று போன முறை கீசர் பற்றிய பதிலில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். கீசரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வந்த கடிதங்கள் அத்தனையும் துப்பாக்கி பற்றித்தான். சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: வயது 51, மத்திய அரசு வேலை. சின்ன வயதில் மெரினாவில் பலூன் சுடுவது என்றால் எனக்கு உயிர். இப்போது பொழுதுபோக்காகச் சுட ஆசை. பதக்கமெல்லாம் வேண்டாம். கல்லூரியில் படிக்கும் மகன் ஏர் ரைஃபிள் வாங்கச் சொல்கிறான். எனக்கு என்னவோ பிஸ்டல் மேல்தான் கண். கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. எதை வாங்கலாம்? (ஆர்.கே.புரம்)

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் சார். அந்தப் பணத்தை ரேஞ்ச் கட்டணமாகவும் குண்டாகவும் மாற்றுங்கள். மூன்று மாதம் அங்கே இருக்கும் துப்பாக்கிகளிலேயே சுடுங்கள், ஒரு வாரம் ரைஃபிள், மறு வாரம் பிஸ்டல் என்று.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நான் முதலில் வாங்கியது ரைஃபிள். காகிதத்தில் அதன் எல்லா எண்களும் அழகாக இருந்தன. நாலே மாதத்தில் அது பரணுக்குப் போய்விட்டது. எனக்கு நின்ற இடத்தில் இறுகி நிற்கப் பிடிக்காது என்பதைக் கண்டுபிடிக்க அவ்வளவு செலவு செய்ய வேண்டியிருந்தது!

இரண்டுக்கும் தூரம் 10 மீட்டர், குண்டு 4.5 மில்லிமீட்டர். மற்றபடி இரண்டும் வேறு வேறு விளையாட்டுகள். ரைஃபிளுக்குக் குறியாக வைக்கும் அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், கடுகைவிடச் சின்னது. குண்டின் விளிம்பு அதைத் தொட்டால் போதும் என்பதால்தான் மனிதர்களால் ஒரு குண்டுக்கு முழுப் புள்ளியான பத்து வாங்க முடிகிறது. அந்த அளவு அசையாமல் நிற்க, விறைப்பான ஜாக்கெட், பேன்ட், தட்டை அடி ஷூ, கையுறை எல்லாம் வேண்டும். போட்டி ரைஃபிள் ஐந்தரை கிலோ வரை இருக்கலாம், ஆனால் அந்த எடையை எலும்புகள் தாங்கும். இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றிவிட்டால் தசைக்கு அதிக வேலை இல்லை. தில்லி ஜூனில் அந்த ஜாக்கெட்டுக்குள் நிற்பதை நான் விவரிக்கப் போவதில்லை.

பிஸ்டலில் நடு வட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. தாராளமாகத் தோன்றும். ஆனால் ஏறக்குறைய ஒரு கிலோவை ஒரே கையால், வேறு எந்தத் தாங்கலும் இல்லாமல் நீட்டிப் பிடிக்க வேண்டும். கை ஆடத்தான் செய்யும், எல்லோருக்கும் ஆடும். அந்த ஆட்டத்துக்குள்ளேயே ட்ரிகரைப் பதறாமல் அழுத்துவதுதான் ரசமே. சாதாரண ஷூ, சாதாரண சட்டை போதும். அலுவலகம் முடிந்து நேரே போய் 40 குண்டு சுட்டுவிட்டு வீட்டுக்கு வரலாம். எனக்கு ஒத்துவந்தது இதுதான். உங்களுக்கும் ஒத்துவரும் என்று எப்படிச் சொல்வது? கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் ரைஃபிளில்தான் 2019இல் உலகக் கோப்பைத் தங்கம் வென்றார். பாரீஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வாங்கிய மனு பாக்கர் பிஸ்டல்காரர். எதில் நிற்கும்போது நேரம் போவது தெரியவில்லையோ, அதுதான் உங்களுடையது.

மூன்று மாதம் கழித்து பிஸ்டல்தான் என்று முடிவானாலும் 25,000க்கு வெளிநாட்டுப் போட்டி பிஸ்டல் வராது. மொரினி, ஸ்டெயர், பர்தினி எல்லாம் லட்சத்தைத் தாண்டியவை. உள்நாட்டுத் தயாரிப்புகளை ஒருமுறை சுட்டுப் பாருங்கள். எதுவானாலும் கிரிப், அதாவது கைப்பிடி, கைக்குச் சரியாக உட்கார்கிறதா என்று முதலில் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை உயர்த்தி, பிறகு கண்ணைத் திறங்கள். குறி பார்க்க உதவும் முன் சைட்டும் பின் சைட்டும் தானாக ஒரே கோட்டில் நின்றால் அது உங்கள் கிரிப். நிற்காவிட்டால் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

மகனைச் சமாதானப்படுத்த வேண்டுமானால் அவரையும் ரேஞ்சுக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: 'நொடிக்கு 1000 அடி வேகம்' என்ற விளம்பரம் பார்த்து இணையத்தில் 14,500 ரூபாய்க்கு ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிள் வாங்கினேன். கூட வந்த ஸ்கோப்பின் (குறி பார்க்கும் தொலைநோக்கி) குறுக்குக்கோடு இரண்டே வாரத்தில் கழன்று சுற்றுகிறது. 10 மீட்டரில் ஐந்து குண்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகின்றன. விற்றவர், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லிலேயே இருக்கிறதே' என்கிறார். (ஜனக்புரி)

பதில்: மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

முதலில் ஸ்கோப். ஸ்ப்ரிங் துப்பாக்கி பார்க்கச் சாது. ஆனால் உள்ளே பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், பிஸ்டன் போய் முட்டி நிற்கும்போது முன்னால் வெட்டும். இந்த இரட்டை உதையைத் தாங்குவதற்கென்றே செய்த ஸ்கோப் வேண்டும், சாதாரண ஸ்கோப் தாங்காது. ஆகவே இது உங்கள் தவறு இல்லை. பொருந்தாத ஸ்கோப்பை விற்பவரே சேர்த்துக் கொடுத்திருக்கிறார் என்றால் அது குறைபாடுள்ள பொருள்தான். (10 மீட்டருக்கு ஸ்கோப் எதற்கு என்பது வேறு கேள்வி. விடைத்தாளைப் பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதுவதுபோல எனக்கு இருக்கும். ஆனால் அது என் ரசனை.)

அடுத்தது, சிதறல். இதில் மட்டும் கொஞ்சம் பொறுங்கள், காரணம் கையிலும் இருக்கலாம். ஸ்ப்ரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடித்தால் உதை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு திசைக்குப் போகும். இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் துப்பாக்கியைச் சும்மா கிடத்துங்கள். குழந்தையைத் தூக்குகிற மாதிரி, பிடிக்கவே கூடாது. ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு இரும்பு சைட்டில் சுடுங்கள். துப்பாக்கியோடு அதன் கட்டையை இணைக்கும் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா பாருங்கள். இரண்டு மூன்று வகைக் குண்டுகளை வாங்கி ஒப்பிடுங்கள். ஒரே குழல் ஒரு டப்பாவை விரும்பும், இன்னொன்றைத் துப்பும். இவ்வளவுக்குப் பிறகும் உள்ளங்கை அகலம்தான் என்றால் குழலில் கோளாறு. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: குண்டு போடாமல் ட்ரிகரை இழுப்பது. முன்னே காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் முட்டி உள்ளே உடையும், பிறகு வாரண்டி பற்றிப் பேச முடியாது.

மூன்றாவது அந்த '1000 அடி'. நொடிக்கு 1000 அடி என்றால் ஏறக்குறைய 305 மீட்டர். அரை கிராம் எடையுள்ள சாதாரண ஈயக் குண்டு அந்த வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 23 ஜூல். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கும் 4.5 மில்லிமீட்டர் குழலுக்கும் மேற்படாத ஏர் கன்னுக்குத்தான் உரிமம் தேவையில்லை. ஆக, விளம்பரம் உண்மையென்றால் அதை உங்களுக்கு உரிமம் இல்லாமல் விற்றிருக்கவே கூடாது, பொய்யென்றால் அது தவறான விளம்பரம். பெரும்பாலும் இடையில் ஒரு தந்திரம் இருக்கும்: இறகுபோல லேசான உலோகக் குண்டில் அளந்த வேகத்தைப் பெட்டியில் அச்சடிப்பார்கள். விற்றவரிடம் வேகத்தைப் பற்றிப் பேசாதீர்கள், எத்தனை ஜூல் என்று எழுத்தில் கேளுங்கள். உண்மையில் போட்டிகளில் சுடும் ரைஃபிள்களின் வேகம் நொடிக்கு 170 மீட்டரைச் சுற்றித்தான். ஆற்றல் எட்டு ஜூல்கூட வராது. காகிதத்தில் ஓட்டை போட அதற்கு மேல் எதற்கு?

பில்லில் அச்சடித்த வரிக்குப் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். 'மனசு மாறிவிட்டது' என்றால் அந்த வரி செல்லும், குறைபாட்டுக்குச் செல்லாது. சுழலும் குறுக்குக்கோட்டை ஸ்கோப் வழியாகவே வீடியோ எடுங்கள். விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். மின்னஞ்சலில் புகார் எழுதி, அசையாவிட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அனுபவத்தில் சொல்கிறேன், பலர் 1915 கட்டத்திலேயே பணிந்துவிடுவார்கள்.

கேள்வி: மகளுக்குப் பழைய வெளிநாட்டு போட்டி ரைஃபிள் ஒன்று 1,30,000 ரூபாய்க்கு வருகிறது. 'புதுசு மாதிரி' என்கிறார்கள். நம்பலாமா? (மயூர் விஹார்)

பதில்: ரைஃபிளைவிட அதன் அடியில் தொங்கும் சிலிண்டரை முதலில் பாருங்கள் அம்மா. 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து வைக்கும் பாத்திரம் அது. தயாரித்த மாதமும் ஆண்டும் அதன்மேலேயே பொறித்திருக்கும். பல தயாரிப்பாளர்கள் 10 ஆண்டுதான் ஆயுள் தருகிறார்கள். கெடு முடிந்த சிலிண்டருடன் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள், அது மட்டுமின்றி அபாயமும்கூட. ரைஃபிள் தலைமுறைக்கும் உழைக்கும், சிலிண்டர் அப்படியில்லை. விற்பவர்கள் வாய் திறக்காத இடமும் இதுதான். கெடு நெருங்கியிருந்தால் புது சிலிண்டரின் விலையை விசாரித்து, அந்தத் தொகையைக் கழித்துப் பேசுங்கள்.

பிறகு, முழு அழுத்தம் நிரப்பி ஒரு இரவு வைக்கச் சொல்லுங்கள். காலையில் அழுத்தம் காட்டும் முள் இறங்கியிருந்தால் எங்கோ சீல் கசிகிறது. முதலில் வாங்கியபோது போட்ட பில், அதிலுள்ள எண், ரைஃபிளில் உள்ள எண் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பில் தொலைந்துவிட்டது என்றால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அந்த மாடலுக்குத் தில்லியில் பழுது பார்ப்பவர் உண்டா என்றும் கேளுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் போட்டி நடுவே பிஸ்டல் பழுதாகி மனு பாக்கர் தவித்த நிமிடங்கள் நினைவிருக்கும். நல்ல துப்பாக்கியும் மக்கர் பண்ணும்.

இன்னொன்று, மகள் வளர்கிற வயதா? அப்படியானால் கன்னம் பதியும் கன்னக்கட்டையும் தோளில் பதியும் பின்கட்டையும் தாராளமாக நகரக்கூடிய மாடல்தானா பாருங்கள். ஜாக்கெட்டைப் பழையதாக வாங்காதீர்கள். அது இன்னொருவர் உடம்புக்குப் படிந்துபோயிருக்கும்.

கேள்வி: வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டிருக்கிறேன். சுட முடியுமா? (கரோல்பாக்)

பதில்: முடியும். தெளிவாகத் தெரிய வேண்டியது முன் சைட்தான், அட்டை மங்கலாக இருந்தால் பரவாயில்லை. கண்ணிலிருந்து முன் சைட் வரையுள்ள தூரத்தை டேப்பால் அளந்து கண்ணாடிக்கடையில் சொல்லுங்கள், அந்தத் தூரத்துக்கு ஒற்றைப் பவரில் செய்து தருவார்கள். ப்ரோக்ரஸிவ் கண்ணாடி வேண்டாம். தலை கொஞ்சம் சாய்ந்தாலும் பவர் மாறிவிடும்.

கேள்வி: மொட்டைமாடியில் குரங்குத் தொல்லை தாங்கவில்லை. ஏர் கன் வாங்கினால் விரட்டவும் ஆகும், பொழுதும் போகும் அல்லவா? (முனிர்கா)

பதில்: ஆகாது. ஏர் கன் குண்டு தோலைத் துளைத்து உள்ளே தங்கும். விலங்கு வதைத் தடைச் சட்டம் ஒரு பக்கம், எதிர்வீட்டு ஜன்னலில் நிற்கும் குழந்தை ஒரு பக்கம். 2023இல் ஜி-20 மாநாட்டுக்கு முன்பு மற்றக் குரங்குகள் பயப்படும் லங்கூர் என்ற கருமுகக் குரங்கின் படங்களை வெட்டி நிறுத்தியும், லங்கூர் மாதிரிக் குரல் கொடுக்க ஆட்களை வைத்தும்தான் இந்த நகரமே குரங்குகளைச் சமாளித்தது. மாடிக்கு வலை அடியுங்கள், தண்ணீர்த் தொட்டி மூடியைக் கட்டுங்கள், அப்பளம் வடாம் காயப்போடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்.

கேள்வி: ரைஃபிள், பிஸ்டல் இரண்டும் எனக்கு மந்தமாகப் படுகின்றன. காற்றில் வீசும் தட்டைப் பறக்கும்போதே சுடுவதுதான் ஆசை. வாங்கின துப்பாக்கியை ரேஞ்சுக்கு எப்படி எடுத்துப் போவது? மெட்ரோவில் போகலாமா? (சாகேத்)

பதில்: தட்டு சுட ஷாட்கன் வேண்டும். அது ஏர் கன் இல்லை, 12 போர் (குழல் அளவு) துப்பாக்கி. கண்டிப்பாக உரிமம் வேண்டும். உரிமம், துப்பாக்கி, அதன்பின் ஒவ்வொரு முறையும் தோட்டா, தட்டு என்று காசு கரைகிற விளையாட்டு இது. பாரீஸ் ஒலிம்பிக்கில் இதில் ஆடிய நம்மவர் புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான். உங்களுக்கு அரண்மனை இல்லையென்றால், 1982 ஆசிய விளையாட்டுக்காகத் துக்ளகாபாத்தில் கட்டிய கர்ணி சிங் ரேஞ்சில் தட்டு சுடும் ட்ராப், ஸ்கீட் களங்கள் இருக்கின்றன. முதலில் போய் ஒரு காலை முழுக்க வேடிக்கை பாருங்கள். அந்தச் சத்தம் உங்களுக்குப் பிடிக்கிறதா, தலைவலிக்கிறதா என்று தெரிந்துவிடும். காதடைப்பான் எடுத்துப் போங்கள்.

மெட்ரோ வேண்டாம். ஏர் கன்னானாலும் ஸ்கேனரில் துப்பாக்கி துப்பாக்கியாகத்தான் தெரியும். மெட்ரோ காவலில் நிற்கும் சிஐஎஸ்எஃப்காரரிடம் ஜூல் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, பின்னால் வரிசை நிற்கும். நான் குண்டை வேறு பையில் வைத்து, துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் போட்டு, பில் நகலும் ரேஞ்ச் உறுப்பினர் அட்டையும் மேலே தெரிகிற மாதிரி வைத்து ஆட்டோவிலோ காரிலோ போகிறேன். வழியில் எங்கும் பெட்டியைத் திறப்பதில்லை. திரும்பும்போது சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் ரேஞ்ச் வாசல் சமோசா. விரலில் ஒட்டியிருப்பது ஈயம்.