அரசு நிதியைக் குறைத்தால், உணவு வங்கிகள் நன்கொடையை வைத்தே சமாளிக்க முடியாதா?

அமெரிக்காவை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முடியாது.

அங்கே ஏழைகளுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் உணவு வங்கிகளுக்கு வரும் சரக்கில் கணிசமான பங்கை மத்திய வேளாண் துறைதான் வாங்கிக் கொடுக்கிறது. 2025 மார்ச்சில் அந்தத் துறை, உள்ளூர் விவசாயிகளிடம் வாங்குவதற்காக உணவு வங்கிகளுக்கும் பள்ளிகளுக்கும் தரவிருந்த சுமார் 100 கோடி டாலரை ரத்து செய்தது. அப்புறம், இன்னொரு திட்டத்தில் ஏறக்குறைய 50 கோடி டாலர் நிதியும் போனது. கோழிக்கறி, பால், முட்டை ஏற்றி வரவேண்டிய லாரிகள் பல வரவில்லை. மக்கள் நன்கொடையாகத் தருவது பெரும்பாலும் பாஸ்தா, டப்பா உணவு போன்றவை. அதனால் மக்களுக்குக் கொடுக்கும் பை காலியாகாது. சத்தான பொருள்தான் முதலில் காணாமல் போகும்.

இதைவிடப் பெரிய அடி, குறைந்த வருமானக்காரர்கள் உணவு வாங்க அரசு பணம் தரும் ‘ஸ்நாப்’ திட்டத்தில். சுமார் 4 கோடிப் பேர் அதை நம்பியிருக்கிறார்கள். 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை வெட்டியது. உணவு வங்கிகள் ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்தால், ஸ்நாப் ஒன்பது வேளை கொடுக்கிறது என்பது உணவு வங்கிகளின் கூட்டமைப்பான ‘ஃபீடிங் அமெரிக்கா’வின் கணக்கு. அப்படியானால் ஸ்நாப்பில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே, அதை ஈடுகட்ட உணவு வங்கிகள் இப்போது தருவதைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்க வேண்டும். அதுவும் கையிருப்பு குறைந்துள்ள நேரத்தில்.