வியாபார உரிமம் இருந்தால் வீடு சமையற்கூடமாகலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு குறுகிய ஒழுங்கையில் இருபத்தைந்து வருடமாகக் குடியிருக்கிறோம். பன்னிரண்டு பேர்ச் காணியில் உள்ள பக்கத்து வீட்டைச் சென்ற வருடம் ஒருவர் வாடகைக்கு எடுத்து, கல்யாண வீடுகளுக்குச் சாப்பாடு அனுப்பும் கேட்டரிங் சமையற்கூடம் நடத்துகிறார். எதையும் இடிக்கவில்லை, புதிதாகக் கட்டவும் இல்லை. அதிகாலை மூன்று மணிக்கே பாத்திரச் சத்தமும் லொறிச் சத்தமும் தொடங்கிவிடும். புகைக்குழாய் எங்கள் மதிலுக்கு மேலால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. மாநகர சபையில், "அவரிடம் வியாபார உரிமம் இருக்கிறது" என்றார்கள். பொலிஸில், "இது சிவில் பிரச்சினை" என்றார்கள். இனி யாரிடம் போவது?

பதில்: மாநகர சபையில் உங்களுக்குக் கிடைத்த பதில் பொய்யல்ல. ஆனால் நீங்கள் சத்தத்தையும் புகையையும் பற்றிக் கேட்டீர்கள், அவர்கள் உரிமத்தைப் பற்றிப் பதில் சொன்னார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த வீட்டை வீடல்லாத ஒன்றாகப் பயன்படுத்த யார், எந்தத் திகதியில், எந்த நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள்?

வியாபார உரிமம், ஒரு தொழிலை நடத்துபவருக்கு மாநகர சபை வருடா வருடம் கொடுப்பது. ஒரு காணியை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை அது தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும், அதன் கீழ் வர்த்தமானியில் வெளியாகும் அபிவிருத்தித் திட்டமும், 2021இல் வெளியான திட்டமிடல் ஒழுங்குவிதிகளும்தான். கொழும்பு மாநகரம் அந்தச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட்ட அபிவிருத்திப் பிரதேசம். 1982இல் சேர்க்கப்பட்ட 8ஜே பிரிவின்படி, இப்படியான பிரதேசத்தில் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்த "அபிவிருத்தி நடவடிக்கை"யும் செய்ய முடியாது.

"ஒரு கல்லும் வைக்கவில்லையே, இதில் என்ன அபிவிருத்தி?" என்று அடுத்த வீட்டுக்காரர் கேட்பார். பலர் ஏமாந்துபோகும் இடம் இதுதான். சட்டத்தின் 29ஆம் பிரிவிலுள்ள வரைவிலக்கணம் கட்டுவதோடு நிற்கவில்லை. காணியைத் துண்டாடுவதும், காணியையோ கட்டடத்தையோ பயன்படுத்தும் விதத்தை மாற்றுவதும் அபிவிருத்தி நடவடிக்கையே. விவசாயத்துக்கும் தோட்டத்துக்கும் விலக்கு உண்டு. வீட்டு வளவுக்குள், வீட்டில் வசிப்பதற்குத் துணையாகச் செய்யும் காரியங்களுக்கும், புதிய கட்டட வரைபடம் தேவைப்படாத அளவில், விலக்கு உண்டு. வீட்டில் இருந்தபடி இரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதை அதற்குள் அடக்கி வாதாடலாம். 37.5 கிலோ எரிவாயு சிலிண்டர்களை வரிசையாக வைத்து நூற்றுக்கணக்கானோருக்குச் சமைப்பதை அடக்க முடியாது. வசிப்பிடமாக அங்கீகரிக்கப்பட்ட கட்டடம் சமையற்கூடமானால் அது பயன்பாட்டு மாற்றம், அதற்குத் தனியாக அனுமதி வேண்டும்.

அனுமதி கேட்டால் கிடைக்காது என்று சொல்லிவிட முடியாது. குடியிருப்பு வலயத்திலும் சில தொழில்களுக்கு இடமுண்டு. எந்த வலயம், காணியின் அளவு என்ன, முன்னால் இருக்கும் பாதையின் அகலம் என்ன, வாகனம் நிறுத்த உள்ளே இடமுண்டா என்று பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். உங்கள் தரப்பில் பலமானது ஒழுங்கையின் அகலம். நாடா பிடித்து, வாயிலிலிருந்து பிரதான வீதிவரை மூன்று நான்கு இடத்தில் அளந்து எழுதிவையுங்கள். லொறி நிற்கும்போது மீதியாக எவ்வளவு வழி இருக்கிறது என்பதையும் குறியுங்கள். தீயணைப்பு வண்டியோ அம்புலன்ஸோ உள்ளே வரமுடியாது என்று எழுதினால் அது முறைப்பாடு. எத்தனை அடி இருக்கிறது என்று எழுதினால் சான்று.

முதலில் எடுக்க வேண்டியது தகவல். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மாநகர சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பமும் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு இன்னொன்றும் கொடுங்கள். இரண்டு இடத்திலும் கேட்பதற்குக் காரணம் உண்டு. அதிகார சபை தன் அதிகாரத்தை 23(5) பிரிவின் கீழ் உள்ளூராட்சி மன்ற அதிகாரிகளிடம் ஒப்படைக்கலாம். அதனால் ஒரு கந்தோர் மற்றதைக் கைகாட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு பதிலும் எழுத்தில் வந்துவிட்டால் அந்த விளையாட்டு முடிந்துவிடும்.

கேள்விகளை இப்படி எழுதுங்கள்: இந்த அசெஸ்மென்ட் இலக்கத்துக்குரிய ஆதனம் எந்த வலயத்தில் வருகிறது? அங்குள்ள கட்டடத்துக்கு எந்தப் பயன்பாட்டுக்காக வரைபடம் அங்கீகரிக்கப்பட்டது, திகதி என்ன? பயன்பாட்டை மாற்ற அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டதா, வழங்கியிருந்தால் நிபந்தனைகளோடு பிரதி? பொருத்தச் சான்றிதழ், அதாவது கட்டடம் அனுமதிப்படி இருக்கிறது என்ற சான்று, உண்டா? வியாபார உரிமம் கொடுக்குமுன் திட்டமிடல் பிரிவின் அறிக்கை பெறப்பட்டதா? கட்டட வரைபடத்தின் பிரதியைக் கேட்காதீர்கள். மூன்றாம் ஆளின் ஆவணம் என்று சொல்லி முழு விண்ணப்பத்தையும் இழுத்தடிக்க அது நல்ல சாட்டாகிவிடும். உங்களுக்கு வேண்டியது அனுமதிப்பத்திரமும் அதன் நிபந்தனைகளும்தான்.

விண்ணப்பத்தைப் பெற்றதற்கு எழுத்தில் ஏற்புச் சீட்டு தரவேண்டும், வாங்காமல் வரவேண்டாம். கொடுப்பதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. இந்த உரிமைக்கு அடித்தளம் போட்ட தீர்ப்புகளில் ஒன்று கொழும்பு மண்ணிலேயே, ஒரு நிலப் பயன்பாட்டுத் தகராறிலேயே வந்தது. காலிமுகத் திடல் குத்தகை பற்றிய விபரத்தை நகர அபிவிருத்தி அதிகார சபை கொடுக்க மறுத்த வழக்கில், 2005இல் உயர் நீதிமன்றம் கருத்துச் சுதந்திரத்துக்குள் தகவல் பெறும் உரிமையும் அடங்கும் என்றது. விண்ணப்பம், முறைப்பாடு எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. "சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று சொன்னால், அதையே எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரு கொப்பி எடுத்து நாட்குறிப்பு தொடங்குங்கள்: திகதி, நேரம், என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது. "தினமும் தாங்க முடியாத சத்தம்" என்பது நீதிமன்றத்தில் ஒன்றுக்கும் உதவாது. "காலை 3.10 முதல் 4.25 வரை, லொறி இயந்திரம் நிறுத்தப்படவில்லை" என்று இருபது நாள் வரிசையாக இருந்தால் உதவும். புகைக்குழாயைப் படம் எடுக்கும்போது மதிலும் அதற்கு மேலால் வரும் குழாயின் நுனியும் ஒரே படத்தில் தெரியவேண்டும். மதிலின் உங்கள் பக்கத்தில் எண்ணெய் வழிந்து கறுத்த கோடு இருந்தால், அதைக் கழுவுமுன் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லை எங்கே என்பது நில அளவைப் படத்தில் தெரியும், அதன் பிரதியையும் எடுத்துவையுங்கள்.

சத்தத்துக்கு 1996இன் ஒழுங்குவிதிகளில் எண்ணே இருக்கிறது. மாநகர சபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபல், இரவில் 50. அந்த விதிகளில் இரவு என்பது மாலை 6 மணிக்குத் தொடங்கிக் காலை 6 மணிக்கு முடிகிறது. ஆகவே உங்கள் மூன்று மணிச் சத்தம் 50க்குள் அடங்க வேண்டும். கைபேசிச் செயலியின் அளவீடு எந்த நேரத்தில் ஆள் வரவேண்டும் என்று காட்ட மட்டுமே பயன்படும். முறைப்படி அளக்கும்படி மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு அந்த நேரத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பகல் பதினொரு மணிக்கு வந்து அளந்துவிட்டுப் போனால் ஒன்றும் அகப்படாது. சுகாதாரமும் வடிகாலில் போகும் கொழுப்பும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பி.எச்.ஐ.) உரியவை. சிலிண்டர்களைப் பார்வையிட மாநகரத் தீயணைப்புப் பிரிவுக்கு ஒரு கடிதம் போதும்.

அனுமதிப்பத்திரம் இல்லை என்ற பதில் கையில் வந்ததும், மாநகர ஆணையாளருக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபைத் தலைவருக்கும் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். தகவல் பதிலின் பிரதியை இணைத்து, 28ஏ பிரிவின் கீழ் அறிவித்தல் கொடுக்கும்படி கேட்டு, இரண்டு வாரத் தவணை குறியுங்கள். அந்தப் பிரிவின்படி, அனுமதியில்லாத பயன்பாட்டை நிறுத்தும்படியும் இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படியும் அதிகார சபை உத்தரவிடலாம். கீழ்ப்படியாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் கட்டாய உத்தரவு கேட்கலாம். இந்த வழக்கை அயலவராகிய நீங்கள் போட முடியாது, அதிகாரமுள்ளவர்கள்தான் போடவேண்டும். அவர்களை அசைப்பதே உங்கள் வேலை.

இதே கட்டத்தில்தான் எதிர்த்தரப்பு "கவரிங் அப்ரூவல்" கேட்டு ஓடும். பின்னால் போய் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, மாற்றத்தை ஒழுங்காக்கப் பார்ப்பார்கள். ஆகவே அதே கடிதத்தில் ஒரு பந்தி சேருங்கள்: பயன்பாட்டு மாற்றத்துக்கு விண்ணப்பம் ஏதும் வந்தால் தீர்மானிக்குமுன் எங்களையும் கேட்கவேண்டும், எங்கள் ஆட்சேபங்கள் பாதை அகலம், வாகனத் தரிப்பு, புகை, நேரம் என்பன. இந்தப் பந்தி கோப்பில் இருக்கும்போது உங்களைக் கேளாமல் அனுமதி கொடுத்தால், அந்த அனுமதியைக் கேள்விக்குட்படுத்த நல்ல காரணம் கிடைக்கும்.

கடிதம் அனுப்புமுன் உங்கள் வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பின்பக்கம் தகரம் போட்டு இறக்கிய குசினியோ, வரைபடத்தில் இல்லாத மாடி அறையோ இருக்கிறதா? பதில் முறைப்பாடு அங்கிருந்துதான் கிளம்பும். இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இதைக் கவனிக்காமல் தொடங்கி, பிறகு பாதியில் பின்வாங்கிய முறைப்பாடுகள் நிறைய.

இரண்டு வாரத் தவணை முடிந்தும் அசைவில்லை என்றால் மூன்று வழிகள் உண்டு. ஒழுங்கையில் பல வீடுகளுக்கும் தொல்லை என்றால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் போகலாம். சமுதாயத்தின் சுகாதாரத்துக்கோ உடல் சௌகரியத்துக்கோ கேடான தொழிலை நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டு. "சமுதாயம்" என்ற சொல்தான் இங்கே முக்கியம், ஒரு வீட்டுக் கையொப்பம் போதாது. ஐந்தாறு வீட்டாரின் சத்தியக்கடதாசிகள் வேண்டும், வாடகைக்கு இருப்பவர்களும் கையெழுத்து வைக்கலாம். பொலிஸார் சொன்ன "சிவில் பிரச்சினை" இங்கே பொருந்தாது.

உங்களுக்கு மட்டுமான பாதிப்பு, குறிப்பாக அந்தப் புகைக்குழாய், மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. தொல்லைக்காக வழக்கிட்டுத் தடையுத்தரவு கேட்கலாம். செலவு கூடும், ஆனால் எந்த அதிகாரியையும் எதிர்பார்த்து நிற்கத் தேவையில்லை.

அதிகாரிகள் கடமையைச் செய்யவில்லை என்பதற்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்), அதாவது கடமையைச் செய்யும்படி அவர்களுக்கு உத்தரவு, கேட்பது மூன்றாவது வழி. அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரை அதற்கு இடம் கொடுக்கிறது. கோரிக்கை விடுத்தீர்களா, மறுத்தார்களா என்று நீதிமன்றம் முதலில் பார்க்கும். பதிவுத் தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்வது அதற்காகத்தான். நடவடிக்கை எடுப்பது தங்கள் தற்றுணிபு என்று அதிகாரிகள் வாதிடுவார்கள். அனுமதி இல்லை என்று அவர்களே எழுதித் தந்த பிறகு பல மாதம் அசையாமல் இருந்தால் அந்த வாதம் பலவீனப்படும். இதற்குக் குறித்த காலவரை இல்லை, ஆனாலும் காரணமில்லாத தாமதம் மனுவைக் கெடுக்கும். உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கோ ஒரு மாதமே அவகாசம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது.

உங்கள் விடயத்தில் எழுத்தாணையை இப்போதே யோசிக்க வேண்டாம். இந்த வாரம் இரண்டு தகவல் விண்ணப்பங்களைக் கொடுத்து, ஒழுங்கையை அளந்து, கொப்பியைத் தொடங்குங்கள். பதில்கள் வந்ததும் அவற்றோடு காணி உறுதி, நில அளவைப் படம், படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு திட்டமிடல் சட்டத்தில் பழக்கமுள்ள ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.